ஸ்கூட்டரின் பின்பிரேக்கு
கல்லணைக் கால்வாய்க் கரையில் நெல்மூட்டையுடன் வரும் ஸ்கூட்டரைப் பெரும்பாலும் நிறுத்துபவை, பின்சக்கர உருளைக்குள் மறைந்திருக்கும் இரு பிறைவடிவ பிரேக் ஷூக்களே. 1972இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக் தஞ்சை வட்டாரத்தில் இன்னும் கண்ணில் படுகிறது. அதனை வைத்தே விளக்குகிறேன்.

சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே காட்டர் பின்னை உருவி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நடுநட்டைத் தளர்த்த வேண்டும். வண்டியைத் தூக்கியபின் முயன்றால் சக்கரந்தான் சுழலும், நட்டு அசையாது. பிறகு அடியில் பலகை கொடுத்து, சக்கரத்தை உருளையோடு வெளியே இழுக்கலாம்.

உள்ளிருக்கும் தூசியை ஊதிவிடாதீர்கள், மாணவர்களே! பழைய ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் ஷூவை மட்டும் மாற்றுவது வீண்வேலை என்பேன். எண்ணெய்த் தடுப்பு வளையத்தையும் மாற்றியாக வேண்டும். பூட்டுகையில் காட்டர் பின் புதியதாகவே இருக்கட்டும்.