உவர்க்களியில் ஒரு மரக்கறிப் பாத்தி

கொழும்பு – புத்தளம் பெருவீதியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பாதை பிரியுமிடம் பாலாவி. உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர் இது. உப்பு விளைவிப்போர் விரும்பும் மண் யாது? நீரைக் கீழே கசியவிடாது தாங்கி நிற்கும் களிமண்ணே. ஆனால், அதே குணம் வீட்டு வளவில் அமைந்துவிட்டால் கத்தரியும் வெண்டியும் வேரழுகி மாய்கின்றன. உப்பளத்துக்கு வரமாவது தோட்டத்துக்குச் சாபமாகின்றது!

பாலாவியின் மண் எங்கும் ஒரே தன்மையதன்று. மணற்பாங்கான நிலமும் உண்டு. களப்பை அண்டிய தாழ்நிலங்களிலேயே களியும் உவரும் கூடித் தொல்லை தருகின்றன. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளம் மாவட்டத்தில் வந்து குடியேறின. கையகலக் காணியில் வாழ்வைப் புதிதாய்த் தொடங்குவோருக்கு நான்கு பாத்தி மரக்கறி பொழுதுபோக்கன்று. அடுப்படிச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும் துணையாகும். எனவே இம்மண்ணைத் திருத்தும் வழியை யாவரும் அறிந்திருத்தல் நன்று.

நோயை அறிதல்

களியின் துணிக்கை 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. இத்துணிக்கைகள் நெருங்கி அமைவதால் மழைநீர் இறங்க வழியின்றித் தேங்குகின்றது. வேருக்கும் மூச்சு வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காற்றற்ற மண்ணில் வேர் அழுகும். கடலோரத்தில் மற்றொரு கேடும் சேர்கின்றது. உப்பிலுள்ள சோடியம் களித்துணிக்கைகளைப் பிரித்துச் சிதறச் செய்கின்றது. சிதறியவை துளைகளை அடைக்க, ஈரத்தில் சேறாகவும் கோடையில் கல்லாகவும் மண் மாறுகின்றது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சிறு மண்கட்டியொன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் மெல்ல இட்டு, கலக்காமல் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவுமாயின் சோடியத்தின் வேலை அது என ஊகிக்கலாம்.

செய்ய வேண்டியன

முதலாவது, வடிகால். ஐப்பசி, கார்த்திகை மாரிக்கு முன்னரே, ஆவணி புரட்டாதியில், நான்கடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட மேட்டுப் பாத்திகளை அமைத்தல் வேண்டும். பாத்திகளுக்கிடையே வெட்டும் வாய்க்கால் வளவுக்கு வெளியே தாழ்வான இடத்தில் முடிவடைதல் அவசியம். நீர் வெளியேற வழியில்லாத மேட்டுப் பாத்தி, சேற்றில் வைத்த பெட்டியேயாகும். ஈரக் களியைக் கொத்துதலும் மிதித்தலும் ஆகா. பிடித்த மண் கையில் உதிரும் பதமே தக்க பதம்.

இரண்டாவது, தாவர உணவு. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: களியை இளக்க மணலைக் கொட்டுவோர் பலர். சிறிதளவு மணல் சேர்ந்த களி செங்கல்லுக்கே ஏற்றது! மாறாக, நான்கு அங்குலக் கனத்துக்குக் கூட்டெருவும் மக்கிய சாணமும் பரப்பி, மேல் எட்டு அங்குல மண்ணுடன் கலக்க வேண்டும். சீமைக்கிளுவைத் தழையும் நன்று. தென்னை மலிந்த மாவட்டமாதலால் தும்புத்தூளும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதிலும் உப்பு இருக்கக்கூடுமாதலின், நன்னீரில் அலசிய பின்னரே இடுதல் வேண்டும். மண் புழுக்கள் வரத் தொடங்கினால் அவையே நமக்காக உழும்.

மூன்றாவது, ஜிப்சம். இதிலுள்ள கல்சியம், களியைப் பற்றியுள்ள சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபட்ட சோடியம் மழைநீரோடு கழிந்து செல்கின்றது. 1953 பெப்ரவரியில் வடகடல் பொங்கி ஒல்லாந்தின் தென்மேற்கு வயல்களை மூழ்கடித்தபோது, அந்நாட்டார் உப்பேறிய நிலங்களை மீட்க ஜிப்சத்தையே துணைகொண்டனர். ஆனால் சோடியமில்லாத வெறுங்களிக்கு இதனாற் பயன் சிறிதே. ஆகவே மண் பரிசோதனை செய்து, விவசாயப் போதனாசிரியரிடம் அளவு கேட்டு இடுதலே முறை.

நான்காவது, மூடாக்கு. வெயிலில் நீர் ஆவியாகும்போது அடியிலுள்ள உப்பு மேலே ஏறிப் படிகின்றது. உப்பளத்தில் நிகழ்வதும் இதுவே. தென்னோலையோ வைக்கோலோ கொண்டு பாத்தியை மூடினால் அவ்வேற்றம் தணியும். கிணற்று நீர் உவராயின், கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து நாற்றுக்களுக்கேனும் ஊற்றுக.

பயிர்த் தெரிவிலும் கவனம் தேவை. போஞ்சி உப்பைத் தாங்காது. பீற்றூட் நன்கு தாங்கும். உவர் குறைந்த வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் வல்லாரையும் கங்குனும் தழைக்கும்.

ஒரே மாரியில் மண் முற்றாகத் திருந்திவிடாது. கூட்டெரு மக்கிக் கரைவதால் போகந்தோறும் அதை இடுதல் வேண்டும். முதலாண்டில் கீரை, அடுத்த ஆண்டுகளில் கத்தரி, மிளகாய் எனப் படிப்படியாக முன்னேறுதலே அறிவுடைமை. சமையலறைக் கழிவை வீதியில் எறியாது குழியிலிட்டு மக்கச் செய்யும் இல்லத்தரசியும், மாலையில் வாய்க்காலைத் துப்புரவாக்கும் பிள்ளைகளும் இப்பணியில் பங்காளிகள். இம்மாரிக்கு முன் ஒரு பாத்தியையேனும் உயர்த்துவோமாக!