விறகுக்கும் விலை உண்டு

நம் சிற்றூர்களில் பல இல்லங்களில் இரண்டு அடுப்புகள் உள்ளன. தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு அடுப்பு; சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் விறகடுப்பு. இந்நிலை ஏன் நீடிக்கிறது?

இணைப்பு கிடையாமை இன்று முதற்காரணமன்று. மத்திய அரசு 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2019-க்குள் ஏழை இல்லங்களுக்கு 8 கோடி இணைப்புகளை வழங்கியது. ஆயினும், இணைப்புப் பெற்று ஓராண்டு நிறைந்த குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே வாங்கின என்று தலைமைத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

14.2 கிலோ உருளைக்கு ஒரே நாளில் முழுத்தொகை வேண்டும். கூலியோ சிறுகச் சிறுக வருகிறது. மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. வேலிக்காத்தான் விறகு காசின்றிக் கிடைக்கிறது.

காசின்றியா? அதைத் தேடி வெட்டிச் சுமப்பவள் யார்? புகையில் கண் கலங்கி இருமுபவள் யார்? தாயும் மகளும் செலுத்தும் அந்த விலை எந்தக் குடும்பக் கணக்கிலும் ஏறுவதில்லை. உஜ்வலா இணைப்பு இல்லத்தரசியின் பெயரில் இருக்கிறது. பணப்பை பெரும்பாலும் கணவரிடம் இருக்கிறது. எனவே அடுப்பில் எது எரிய வேண்டும் என்பதை, அடுப்பருகே நிற்காதவரே முடிவு செய்கிறார்.

குடும்பத் தலைவர்களே, வாரந்தோறும் உருளைக்கென ஒரு சிறுதொகையை ஒதுக்குவோம். முழுத்தொகை இயலாதபோது 5 கிலோ உருளையை நாடுவோம். விறகு தவிர்க்க முடியாத இடத்தில் புகைபோக்கியேனும் அமைப்போம். அவளது உழைப்பையும் மூச்சையும் இனியேனும் செலவுக் கணக்கில் சேர்ப்போம்.