வளவில் புதிய பூச்சியோ களையோ கண்டால்: யாருக்கு அறிவிப்பது, ஏன் உடனே அறிவிப்பது

நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்தினர் முதலில் பார்ப்பது கிணற்றையும், எல்லையையும், வீட்டில் எஞ்சி நிற்கும் சுவர்களையும்தான். அதற்கு அடுத்ததாக நீங்கள் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றி இங்கே விளக்குகிறோம். நீங்கள் இடம்பெயர்ந்த போது இல்லாத செடி ஏதாவது இப்போது வளவில் நிற்கிறதா? புதிதாக நட்ட பயிரில் முன்னர் கண்டிராத பூச்சி ஏதாவது தெரிகிறதா? பத்து இருபது வருடங்களாக ஆள் நடமாட்டம் இல்லாத காணியை எந்த விவசாய அலுவலரும் பார்த்திருக்க மாட்டார். அங்கே என்ன முளைத்தது, என்ன பரவியது என்று பதிவு எதுவும் இராது. அந்த மண்ணை மீண்டும் முதலில் கவனிக்கப் போகும் விவசாயி நீங்கள்தான்.

பார்க்க ஆளில்லாத காலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. பார்த்தீனியம் என்னும் களையை, சில ஊர்களில் பாதீனியம் என்றும் சொல்வார்கள், உங்களில் பலர் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கண்டிருப்பீர்கள். இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதி. இந்தியாவில் 1950களில் இருந்து பரவியது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படை இங்கு நிலைகொண்டிருந்த காலத்தில், படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இதன் விதையும் வந்து சேர்ந்தது என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் இலங்கையில் இந்தக் களை இருப்பதாக முறையாகப் பதிவானது 1999 இல், வவுனியாவில். அந்தக் கணக்கு சரியென்றால் இடையில் ஏறத்தாழப் பத்து வருடங்கள். ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைத் தரக்கூடியது. விதைகள் மண்ணுக்குள் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். முதல் வருடத்தில் பத்துப் பேர் ஒரு நாளில் பிடுங்கி முடித்திருக்கக் கூடியதை, பத்து வருடத்தின் பின் பல மாவட்டங்களில் பிடுங்கியும் முடிக்க முடியவில்லை. இதில் எந்த விவசாயியையும் குறை சொல்ல முடியாது. போர்க்காலத்தில் களையைப் பார்த்து அறிக்கை எழுதும் நிலையில் எவரும் இருக்கவில்லை.

பார்த்தீனியத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. இலை கரட் இலைபோல ஆழமாகப் பிளந்திருக்கும். இளஞ்செடியில் இலைகள் நிலத்தோடு வட்டமாகப் படிந்திருக்கும். பிறகு தண்டு உயர்ந்து பல கிளைகளாகப் பிரிந்து, நுனிகளில் சிறுசிறு வெள்ளைப் பூக்கள் கூட்டமாகத் தோன்றும். தொடுபவர்களில் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் வரும். மகரந்தத்தைச் சுவாசித்தால் தும்மலும் இழுப்பும் வரலாம். மாடு தின்றால் பாலில் கசப்பு ஏறும். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் முதலில் பூவின் மேல் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பிடுங்குங்கள், விதை சிந்தாது. சிரமதானம் என்ற பெயரில் பாடசாலைப் பிள்ளைகளை வெறுங்கையோடு இந்தச் செடியைப் பிடுங்க விடுவதை நாங்கள் ஏற்கவில்லை. இது வளர்ந்தவர்கள் பாதுகாப்போடு செய்ய வேண்டிய வேலை.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணிக்குள் களை பிடுங்கவோ, படம் எடுக்கவோ, செடி ஒன்றைக் கிட்டப் பார்க்கவோ போக வேண்டாம். வேலிக்கு வெளியே பாதுகாப்பான பாதையில் நின்று பார்த்ததைச் சொன்னாலே போதும்.

இனிப் பூச்சிகளைப் பார்ப்போம். காலத்தோடு கண்டுபிடித்தால் என்ன பலன் என்பதைப் பப்பாசி மாவுப்பூச்சியின் கதை காட்டுகிறது. 2008 இல் மேல் மாகாணத்தில் பப்பாசி மரங்களின் இலையிலும் காயிலும் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாகப் படியத் தொடங்கியது. இலை சுருண்டு, காய் கறுத்து, மரமே பட்டது. அதே பூச்சி மரவள்ளி, செவ்வரத்தை, கத்தரி போன்ற பல செடிகளிலும் ஏறியது. மருந்து அடித்தவர்களுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. பூச்சியின் உடலை மூடியிருக்கும் மெழுகுப் படை மருந்தை உள்ளே விடாது. அதே வருடம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் இதே பூச்சி காணப்பட்டது.

மாதிரிகளை ஆராய்ந்தபோது, இது மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த பூச்சி என்று உறுதியானது. பெயர் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. இதே பூச்சி அதற்கு முன் கரீபியன் தீவுகளுக்கும், புளோரிடாவுக்கும், பசுபிக்கில் குவாம், பலாவு ஆகிய தீவுகளுக்கும் பரவியிருந்தது. அங்கெல்லாம் அதன் பிறப்பிடத்திலிருந்து எடுத்த மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டுக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் அந்தக் குளவிகளைப் புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்த்து வந்தது. 2009 இல் அங்கிருந்து இலங்கைக்குக் குளவிகள் அனுப்பப்பட்டு இங்கே விடப்பட்டன. 2010 இல் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டன. எள்ளைவிடச் சிறிய இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று முடிக்கும். பூச்சியின் பெருக்கம் அடங்கியது. இன்றைக்கும் அங்கங்கே காணலாம், ஆனால் தோட்டம் தோட்டமாக அழியும் நிலை இல்லை. உங்கள் வளவில் பப்பாசியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அவசரப்பட்டுக் கடும் மருந்து அடிக்காதீர்கள். பூச்சியைவிட முதலில் சாவது குளவியாக இருக்கும்.

ஒரு நாட்டின் திணைக்களம் இன்னொரு நாட்டுக்குக் குளவி அனுப்புவது தயவால் மட்டும் நடப்பதல்ல. 1951 இல் உருவான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. புதிய பீடை ஒன்று தன் நாட்டில் காணப்பட்டால் அதை மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டியது உறுப்பு நாடுகளின் கடமை. மறைத்தால் அயல்நாடும் பாதிக்கப்படும், உதவியும் வராது. ஆனால் அரசாங்கத்துக்கு யார் சொல்வது? கன்னொறுவையில் இருக்கும் விஞ்ஞானிக்கு மாங்குளத்துத் தோட்டத்தில் நடப்பது தெரியாது. தோட்டக்காரர் விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்கிறார், அவர் மாதிரி எடுத்துத் திணைக்களத்துக்கு அனுப்புகிறார், அங்கே பூச்சி அடையாளம் காணப்படுகிறது, தேவையானால் வெளிநாட்டு நிபுணரிடமும் போகிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தோட்டத்தில் நிற்பவர்தான்.

எல்லாம் இப்படி நல்லபடி முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சோளத்தைத் தின்னும் படைப்புழு 2016 இல் ஆபிரிக்காவில் தோன்றி, 2018 நடுப்பகுதியில் இந்தியாவில் காணப்பட்டு, அதே வருடக் கடைசியில் இலங்கைக்கும் வந்தது. அதன் அந்துப்பூச்சி ஓர் இரவில் நூறு கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது. இப்படிப்பட்டதை எல்லையில் நிறுத்த முடியாது. முன்கூட்டியே அறிந்தால் ஆயத்தமாகலாம், அவ்வளவுதான். நீங்கள் சோளம் போட்டிருந்தால் முளைத்த முதல் வாரங்களில் குருத்தை விரித்துப் பாருங்கள். இலையில் வரிசையாக ஓட்டைகளும், குருத்துக்குள் மரத்தூள்போன்ற எச்சமும் இருந்தால் புழுவைத் தேடுங்கள். தலையில் தலைகீழான ஆங்கில ‘வை’ எழுத்துப்போன்ற வெளிறிய கோடும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழு. சிறிதாக இருக்கும்போது கையால் நசுக்கியே பெருமளவு குறைக்கலாம். பெருத்துக் குருத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்தும் அதை எட்டாது.

பூச்சி தானாகப் பறந்து வருவதைவிட மனிதர் சுமந்து வருவதே பல இடங்களில் வேகமானது. மீள்குடியேற்றக் காலத்தில் இது கூடுதலாக நடக்கும். தங்கியிருந்த ஊரிலிருந்து வாழைக்குட்டி, மரவள்ளித் தடி, தென்னங்கன்று, ஆடு, வைக்கோல், எரு என்று எல்லாம் ஒரே லொறியில் ஏறும். வெறுங்காணியில் சீக்கிரம் எதையாவது நட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கும் விளங்குகிறது. ஆனாலும் நோயுள்ள தாயிலிருந்து எடுத்த குட்டி நோயோடுதான் வரும். நல்ல தோட்டத்தில், இலை சுருளாத, குருத்துக் குறுகாத தாய்மரத்தில் எடுங்கள். பார்த்தீனியம் உள்ள இடத்து எருவையும் வைக்கோலையும் தவிருங்கள். அங்கே உழுத உழவு இயந்திரத்தின் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணை, உங்கள் காணிக்குள் இறக்குமுன் கழுவச் சொல்லுங்கள். தெற்கிலிருந்து தென்னங்கன்று வாங்கி வருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே வெலிகம பகுதியில் கண்டறியப்பட்ட இலைவாடல் நோய் பரவாதிருக்க, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னை இனக் கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. தென்னங்கன்றுக்குத் தென்னைப் பயிர்ச்செய்கை சபையை நாடுங்கள். நிவாரண நிறுவனங்கள் கன்று தரும்போதும், எங்களுடையது உட்பட, இது எந்த நாற்றுமேடையில் வந்தது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது நிறுவனத்தின் பொறுப்பு.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். முகாமில் வளர்த்த மல்லிகையோ கறிவேப்பிலைக் கன்றோ விட்டுவர மனம் வராதுதான். ஆனால் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடி, பதியன், விதை எதையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. மண்ணோடு கூடிய செடிக்கு இடமே இல்லை. பயணப் பொதியில் ஏதாவது இருந்தால் கட்டுநாயக்காவில் நீங்களே முன்வந்து அதிகாரியிடம் காட்டுங்கள். செடியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒளித்துக் கொண்டுவந்தால் இழப்பு உங்கள் பொதியோடு முடியாது, ஊர்த் தோட்டங்களுக்கும் போகும்.

புதிதாக ஏதாவது கண்டால் உங்கள் பிரிவுக்குரிய விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள். அவரைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் அறியலாம்; கிராம அலுவலரும் வழிகாட்டுவார். போக்குவரத்து வசதி இல்லாதவர்கள் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையோடு பேசலாம். மாகாணத் திணைக்களமா, மத்திய திணைக்களமா என்ற குழப்பம் உங்களுக்கு வேண்டாம், அது அலுவலகங்கள் தமக்குள் தீர்க்க வேண்டியது. பூச்சியையோ செடியையோ ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். கைத்தொலைபேசியில் இலையின் இரு பக்கமும், பூச்சியும், முழுச் செடியும் தெரியப் படம் எடுத்து வைத்தால் போதும். எப்போது முதலில் கண்டீர்கள், கன்று எங்கிருந்து வந்தது, பக்கத்துத் தோட்டத்திலும் உண்டா என்று அவர் கேட்பார். முன்பே யோசித்து வைத்திருங்கள்.

அலுவலகம் என்றதும் பலர் தயங்குவதை நாங்கள் கூட்டங்களில் காண்கிறோம். காணி உறுதி கையில் இல்லை, எல்லைப் பிரச்சினை முடியவில்லை, போனால் அதைக் கேட்பார்களோ என்ற பயம். போதனாசிரியர் பார்க்க வருவது பயிரை. உறுதி கேட்பது அவருடைய வேலையல்ல. சொன்னால் தோட்டத்தையே வெட்டச் சொல்வார்களோ என்பது மற்றப் பயம். பரவலைத் தடுக்கப் பாதிக்கப்பட்ட செடிகளை அழிக்கும்படி சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு என்பது உண்மை. இரண்டு வாழையில் இருக்கும்போது சொன்னால் வெட்ட வேண்டி வருவது அநேகமாக அந்த இரண்டும் அதன் அயலும்தான். ஐம்பதில் பரவிய பின் எவரும் வந்து சொல்லாமலே ஐம்பதும் போய்விடும். அப்படி வெட்டச் சொன்னால், மாற்றுக் கன்றுக்கு எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். உங்கள் பிரதேசத்தில் இருக்கும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். விண்ணப்பம் எழுதவும், தேவையானால் உங்களோடு அலுவலகத்துக்கு வரவும் அவர் உதவுவார்.