உழவு இயந்திரத்துக்குப் பெரிய சில்லும் ரயரும் பொருத்துதல்

பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் காலத்தில் உழவு இயந்திரம் சேற்றிற் புதைந்து நிற்பது கமக்காரருக்குப் பெருந் தொல்லையாகும். மழை பெய்து மண் இளகிய சில வாரங்களுக்குள் உழவு முடிதல் வேண்டும். ஒரு நாள் தவறினாலும் விதைப்புப் பிந்தும். ஆகையால், இருக்கும் பின்சில்லுகளைக் கழற்றிவிட்டுப் பெரிய சில்லும் ரயரும் பூட்டினால் தொல்லை தீரும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆயினும், வயலை உழும் அதே இயந்திரமே அறுவடைக்குப் பின் நெல் மூடை ஏற்றிய பெட்டியை வீதியில் இழுத்துச் செல்கின்றது. சேற்றில் உதவும் பெரிய ரயர், பாரம் இழுக்கும்போது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே, அதனாற் பெறுவது எது, இழப்பது எது என்பதை அறிந்த பின்னரே மாற்றுதல் நன்று.

ரயரிலுள்ள எண்கள்

பின்ரயரின் பக்கத்தில் 12.4-28 என்பது போன்ற எண்கள் காணப்படும். முதலாவது எண் ரயரின் அகலத்தையும், இரண்டாவது எண் றிம்மின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிக்கும். 13.6-28, 14.9-28 என்னும் ரயர்களும் 28 அங்குல றிம்முக்கே உரியன. ஆனால் றிம்மின் அகலம் ஒன்றல்ல. 12.4 ரயருக்கு 11 அங்குலமும், 13.6 ரயருக்கு 12 அங்குலமும், 14.9 ரயருக்கு 13 அங்குலமும் அகலமான றிம் ஏற்றது. ஒடுங்கிய றிம்மில் மிக அகன்ற ரயரைப் பூட்டினால், ரயரின் நடுப்பகுதி புடைத்து நிற்கும். ஓரப் பற்கள் நிலத்தில் நன்கு படியா. நடுப்பகுதி விரைவிற் தேயும். பணம் கொடுத்துப் பெற்ற அகலம் பயன்படாமலே போகும்.

பெரிய சில்லினால் ஏற்படும் மாற்றம்

12.4-28 ரயரின் உயரம் ஏறக்குறைய 49½ அங்குலம். 14.9-28 ரயரின் உயரம் ஏறக்குறைய 53½ அங்குலம். முன்னது ஒரு முறை சுழன்றால் இயந்திரம் சுமார் 13 அடி நகரும். பின்னது ஒரு முறை சுழன்றால் சுமார் 14 அடி நகரும். எஞ்சினின் வேகமும் கியரும் மாறாதிருக்கவே, முன்னர் மணிக்கு 26 கிலோமீற்றர் ஓடிய இயந்திரம் இப்போது 28 கிலோமீற்றர் ஓடும். வேகமானி பழைய ரயருக்கு அமைக்கப்பட்டதாகையால் 26 என்றே காட்டும்.

வேகம் கூடிய அளவுக்கு அக்கியரில் இழுக்கும் விசை குறையும். எஞ்சினின் வலு மாறுவதில்லை. ஆயினும் அச்சிலிருந்து நிலத்துக்குள்ள தூரம் கூடுவதால், சில்லு நிலத்தைத் தள்ளும் விசை 14 பங்கிலிருந்து 13 பங்காகக் குறைகின்றது. முன்னர் மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாம் கியர் தேவைப்படலாம். சுழற்கலப்பை பூட்டி உழும்போது, கத்திகள் முன்போலச் சுழல, இயந்திரம் மட்டும் விரைந்து முன்னேறும். ஆகவே கட்டிகள் பெரிதாக விழும். இதற்கு ஒரு கியர் குறைத்து ஓட்டுதல் வேண்டும்.

பெரிய ரயர் பயன்படும் இடம்

இளகிய மண்ணில் இழுவையைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் எஞ்சினின் வலுவன்று, சில்லின் பிடியே. உயர்ந்தும் அகன்றும் உள்ள ரயர் நிலத்தில் நீளமாகவும் அகலமாகவும் படிவதால் குறைவாகப் புதையும், வழுக்குதலும் குறையும். முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற ஒட்டுந் தன்மை மிக்க களிமண்ணில் ரயரின் உயரத்தைவிடப் பற்களின் ஆழமே முக்கியமானது. ஆர்-2 எனக் குறிக்கப்பட்ட, நெல் வயலுக்கென்றே செய்யப்பட்ட ரயரின் பற்கள் சாதாரண ரயரின் பற்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழமுடையன. எனினும், தார் வீதியில் அதிகம் ஓடினால் அவை விரைவில் தேயும்.

மரக்கறிச் செய்கையாளர் வேறொன்றைக் கவனித்தல் வேண்டும். மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் பாத்திகளுக்கிடையே செல்லும் இயந்திரத்தில் அகன்ற ரயரைப் பூட்டினால் அது பாத்தியின் ஓரத்தை மிதித்து இறுக்கும். அத்தகைய நிலத்துக்கு ஒடுங்கிய ரயரே ஏற்றது.

குறைந்த செலவிற் செய்யக்கூடியவை

பெரிய ரயர் வாங்குமுன் பின்வருவனவற்றைச் செய்து பார்த்தல் நன்று.

முதலாவதாக, காற்றின் அளவைக் கவனித்தல் வேண்டும். வீதியில் ஓட்டுவதற்காக இறுக்கமாக அடித்த காற்றுடனேயே பலர் வயலில் இறங்குகின்றனர். வயல் வேலைக்குச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 16 இறாத்தல் பொதுவாகப் போதுமானது. ரயர் தயாரிப்பாளரின் அட்டவணையிற் குறித்துள்ள அளவுக்குக் கீழே குறைத்தல் கூடாது; பாரத்துடன் வீதியேறுமுன் அதற்குரிய அளவுக்கு மீண்டும் அடித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ஈரங் குறைந்த நிலத்திற் சில்லு வழுக்கினால், பின்ரயருக்குள் நீர் நிரப்பலாம். வால்வு மேலே வருமாறு சில்லை நிறுத்தி, நீர் வால்வு மட்டத்துக்கு வரும்வரை நிரப்பினால் ரயரின் நான்கில் மூன்று பங்கு நிரம்பும். ஆழமான சேற்றில் இப்பாரம் புதைதலைக் கூட்டும். ஆகையால் அங்கு இது பொருந்தாது.

மூன்றாவதாக, சேற்றுழவுக்கு இரும்புக் கூட்டுச் சில்லைப் பயன்படுத்தலாம். ஆண்டிற் சில வாரங்களுக்கு மட்டும் தேவைப்படும் பிடியை இது தரும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். அதனுடன் தார் வீதியில் ஓடுதல் கூடாது.

பெட்டி இழுக்கும்போது ஏற்படும் ஆபத்து

பின்சில்லின் உயரம் 4 அங்குலம் கூடினால் அச்சும் இழுவைச் சட்டமும் 2 அங்குலம் உயரும். இது சிறிதெனத் தோன்றும். ஆனால், பாரத்தை இழுக்கும் இடம் உயர உயர, இயந்திரத்தின் முன்பகுதி எழும்பும் போக்கும் கூடும். ஓரச்சுப் பெட்டியாயின் அதன் முன்புறமும் எழுந்து, பாரம் பின்னோக்கிச் சாய்ந்து, பின்சில்லின் மீது அழுத்த வேண்டிய பாரம் குறையும். வயலிலிருந்து குளக்கட்டின் மீது ஏறும்போது முன்சில்லுகள் நிலத்தை விட்டெழுந்தால் திருப்பும் வசதி அற்றுப்போகும். இயந்திரம் பின்னோக்கிக் கவிழ்வதற்குச் சில நொடிகளே போதும். சாரதி குதித்துத் தப்ப நேரமிராது. ஆகவே இழுவைச் சட்டத்தை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்கு மாற்றுதல் வேண்டும். அச்சின் மையத்துக்கு மேலே எக்காரணத்தாலும் பாரத்தைக் கொளுவுதல் கூடாது. இயந்திரத்தின் மொத்தப் பாரத்தில் ஐந்திலொரு பங்கேனும் முன்சில்லுகளில் இருக்குமாறு முன்பாரக் கட்டிகளைப் பூட்டுதல் வேண்டும்.

பிறேக்கும் முன்போற் பிடிக்காது. வேகம் கூடியிருப்பதாலும், அதே அழுத்தத்துக்கு நிலத்திற் கிடைக்கும் தடை குறைந்திருப்பதாலும், அதே கியரில் அதே எஞ்சின் வேகத்தில் ஓடும் இயந்திரம் நிற்பதற்கு ஏறக்குறைய நான்கிலொரு பங்கு அதிக தூரம் தேவைப்படும். முன்னர் 40 அடியில் நின்றது இப்போது 50 அடியிலேயே நிற்கும். பிறேக் இல்லாத பெட்டி பின்னிருந்து தள்ளுமாயின் அத்தூரம் மேலும் கூடும். வீதியில் இரு பிறேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டியே ஓட்டுதல் வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் திரும்பிப் புரளும். சரிவில் இறங்குமுன்னரே கியரைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். நடுச் சரிவிற் கியர் மாற்றுதல் கூடாது.

உயர்ந்த இயந்திரம் பக்கவாட்டிலும் எளிதிற் சரியும். இயலுமாயின் இரு பின்சில்லுகளுக்குமிடையேயுள்ள அகலத்தைக் கூட்டுதல் வேண்டும். வரம்பையும் வாய்க்காலையும் நேர்குறுக்காகவே கடத்தல் வேண்டும்.

நான்கு சில்லுகளாலும் இயங்கும் இயந்திரம்

இவ்வகை இயந்திரத்திற் பின்ரயரை மட்டும் மாற்றுதல் பெருந்தவறாகும். முன்சில்லும் பின்சில்லும் குறித்த ஒரு விகிதப்படி சுழலுமாறு பற்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பின்ரயர் மட்டும் உயர்ந்தால் ஒன்று மற்றதைத் தள்ள, ரயர்கள் தேய்வதுடன் பற்சக்கரங்களும் உடையும். மாற்றுவதாயின், இயந்திர உற்பத்தியாளர் குறித்த விகிதத்தில் முன், பின் ஆகிய நான்கையும் மாற்றுதல் வேண்டும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. மட்காட், தூக்குக் கைகள், அவற்றின் சங்கிலிகள் ஆகியவற்றில் ரயர் உராயாதிருத்தல் வேண்டும். தூக்குக் கைகளை மேலும் கீழும் இயக்கிப் பார்த்த பின்னரே ஓட்டுதல் வேண்டும்.

2. ரயரின் பக்கத்திலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுமாறு பூட்டுதல் வேண்டும். மாறிப் பூட்டினாற் பற்களில் மண் அடைந்து பிடி குறையும்.

3. ஒரே அச்சில் இரு வகை ரயர்களையோ, ஒன்று புதியதும் மற்றது தேய்ந்ததுமான ரயர்களையோ பூட்டுதல் கூடாது.

4. ரயரின் விளிம்பை றிம்மிற் படியச் செய்வதற்குச் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தலுக்கு மேற் காற்றடித்தல் கூடாது. படியாவிட்டாற் காற்றை முழுவதும் வெளியேற்றி, சவர்க்கார நீர் பூசி மீண்டும் முயலுதல் வேண்டும். வெடிக்கும் ரயர் அருகில் நிற்பவரைக் கொல்லும்.

5. புதிதாகப் பூட்டிய சில்லின் போல்ட்டுகளைச் சில மணி நேர வேலைக்குப் பின்னரும், முதல் வாரத்தில் நாள்தோறும் இறுக்குதல் வேண்டும்.

6. மாற்றுமுன், பதிவுச் சான்றிதழைக் காட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி செய்த இடத்திலும் விசாரித்தல் வேண்டும்.

சேற்றில் மட்டும் தொல்லைப்படுபவருக்கு இரும்புக் கூட்டுச் சில்லே போதுமானது. ஆண்டு முழுவதும் இளகிய நிலத்தில் வேலை செய்பவர் 12.4 இலிருந்து 13.6 க்கு மாறினால், வேகம் நூற்றுக்கு 4 பங்களவே கூடும். ஏற்ற றிம்மும் முன்பாரமும் இருப்பின் இது பொதுவாகச் சமாளிக்கக்கூடியதே. இழுவைப் பெட்டியே முக்கிய வருவாயாக உள்ளவர் உற்பத்தியாளர் குறித்த ரயரையே வைத்திருத்தல் நன்று. ஐயமுள்ளவர்கள் ரயருக்குப் பணம் கொடுக்குமுன், இயந்திரத்தின் கைநூலுடன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறலாம்.