பதில் சொல்ல முடியாத கேலி

வேலைக்குப் போகும் பெண்கள் – 11

நெல்லைச் சீமையில் கேலி என்பது தண்ணீர் பட்ட பாடு. கொழுந்தன் மைனியைச் சீண்டுவான். அவள் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். திண்ணையிலிருக்கும் ஆச்சி இருவரையும் சேர்த்து வாருவாள். அதனாலேயே, வேலையிடத்தில் ஒருவரின் பேச்சு பற்றிப் புகார் எழுந்தால் முதலில் வரும் சமாதானம் இது: “நம்ம ஊர்ப் பேச்சே இப்படித்தானே? சும்மா தமாசுக்குச் சொன்னதுக்குமா பஞ்சாயத்து?”

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 1997 விசாகா தீர்ப்பில் தொடங்கி 2013 சட்டம் வரை சென்ற வாரம் வந்துவிட்டோம். இந்த வாரம் அந்தத் தமாசைப் பார்ப்போம்.

மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர் என்று தாமிரபரணிக் கரையோரம் பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்கள் பல. பெண்கள் வீட்டில் இருந்துதான் சுற்றுகிறார்கள். ஆனால் இலையும் தூளும் வாங்கவும், சுற்றிய பீடியைக் கொடுக்கவும் கடைக்குப் போயாக வேண்டும். அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கழிப்பவர் கையில்தான் அவர்களுடைய கூலி இருக்கிறது. அப்படி ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம்.

“என்ன மைனி, பீடியெல்லாம் தொளதொளன்னு கெடக்கு? ராத்திரி அண்ணாச்சி தூங்க விடலியோ?”

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இதையே அவர் தெருவில் வைத்துக் கேட்டிருந்தால், “அதை உம்ம பொஞ்சாதிகிட்டப் போய்க் கேளும்” என்று வாயை அடைத்திருப்பாள். இங்கே அவள் கண் அவர் கையிலிருக்கும் கட்டின் மேல் இருக்கிறது. பதில் சொன்னால் எத்தனை பீடி கழியுமோ? அவளும் சிரித்துவைக்கிறாள்.

அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று கணக்கெழுதுகிறோமே, அங்கேதான் பிழை. திருப்பிச் சொல்ல முடிகிற வரைதான் கேலி கேலியாக இருக்கும். திருப்பிச் சொன்னால் பிழைப்பில் கை வைத்துவிடுவார்களோ என்று ஒருத்தி வாயை மூடிக்கொள்ளும்போது, எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

“பீடி தொளதொளன்னு இருக்கு” என்பது வேலையைப் பற்றிய பேச்சு. கடுமையாகச் சொன்னாலும் அது பாலியல் தொல்லை ஆகாது. “ராத்திரி” என்று தொடங்கியதும் பேச்சு அவள் உடலுக்குப் போய்விட்டது. 2013 சட்டம் தொடுவதை மட்டும் குற்றமாகப் பார்க்கவில்லை. விரும்பத்தகாத பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, சொல்லாலோ சைகையாலோ செய்யும் இதுபோன்ற எதுவும் அதில் அடங்கும். இணங்கினால் சலுகை, இணங்காவிட்டால் வேலைக்கு வேட்டு என்ற மறைமுகக் குறிப்பையும், அவமானப்படுத்தும் நடத்தையையும் சட்டம் சேர்த்தே பார்க்கிறது.

“தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை” என்ற வாதம் மிச்சமிருக்கிறதே? 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு விடை சொன்னது. பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் அதிகாரி மீது பெண் ஊழியர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். நெருங்கிப் பின்னால் நின்றார், தோளைத் தொட்டார் என்பவை அவற்றில் சில. மேற்பார்வையிடுவது தன் வேலை என்றார் அவர். அவர் மீது தவறு என்று நிறுவனத்தின் உள் புகார்க் குழு எடுத்த முடிவைத் தொழிலாளர் நீதிமன்றம் தள்ளியிருந்தது; நீதிபதி ஆர்.என். மஞ்சுளா அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். செய்தவரின் நோக்கத்தைவிட, செயல் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதற்கே சட்டம் முக்கியத்துவம் தருகிறது என்றார். நியாயமான ஒரு பெண் அதை எப்படி உணர்வாள் என்பதே அளவுகோல்.

சென்னை அலுவலகத்துக்கு உள்ள சட்டம் பீடிக்கடைக்கும் உண்டு. 10 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை நாடலாம். ஒப்பந்தக்காரர் வழியாக வேலை பார்ப்பவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. வீரவநல்லூர்க்காரி இதற்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் புகார் வாங்க ஓர் அலுவலர் நியமிக்கப்பட வேண்டும், அவர் 7 நாளில் அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது.

ஏட்டில் இத்தனையும் இருக்கிறது. ஆனால் 2024 டிசம்பரில்கூட, மாவட்ட அலுவலர்களை நியமியுங்கள், உள்ளூர்க் குழுக்களை அமையுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்து 11 வருஷம் கழித்து!

குழு இருந்தாலும் அது முதலில் கேட்கப்போவது, “அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?” என்றுதான். கடையில் சுற்றி நின்று சிரித்தவர்கள்தான் இருந்தார்கள். தங்கள் கட்டும் அதே மேசைக்கு வர வேண்டுமே என்று அவர்களும் சிரித்திருக்கலாம். அவள் ஒருத்தியால் சொல்ல முடியாத பதிலை நாலு பேர் சேர்ந்து சொல்லலாம். “அண்ணாச்சி, பீடியப் பத்தி மட்டும் பேசுங்க” என்று ஒரு குரல் எழுந்தாலே பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

(அடுத்த வாரம்: இரவில் வரும் வாட்ஸ்அப் செய்தியும் வேலையிடமா?)