ஸ்லோவில் நிற்காத வண்டி

முதலில் டீயைக் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது. ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றினீர்கள், த்ராட்டில் பாடியையும் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். மறுநாளே சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது, என்ஜின் லைட் வேறு எரிகிறது. அதற்கு முன்புவரை ஒழுங்காக ஓடிய வண்டி. அப்படியானால் கோளாறு உங்கள் கை போன இடத்தில்தான் இருக்கும். சென்சார் வாங்க இப்போதே கடைக்குக் கிளம்ப வேண்டாம்.

பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்ச உறிஞ்ச, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். வெளியே இருப்பதோ 101. சின்ன விரிசல் கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் அது சென்சாரைத் தாண்டி வந்த காற்று, கணக்கில் சேராது, அதற்கேற்ற பெட்ரோலும் வராது. நாலு பேர் வீட்டில் சொல்லாமல் இரண்டு விருந்தாளி வந்தால் சோறு பற்றாது. கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் கூடினால் யாருக்குத் தெரியும்? ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி சரியாகிவிடுவது அதனால்தான். ஸ்லோவில் தகராறு, ஓட்டத்தில் சுகம் என்றால் ஏர் லீக்கைச் சந்தேகப்படலாம்.

ஸ்கேனர் இருந்தால் இதை எண்ணிலேயே பார்க்கலாம். பி0171 என்ற கோடு வந்திருக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அதோடு நிற்காமல் ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் ஐந்துக்குள் இறங்கினால் ஏர் லீக்தான். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கமோ, அழுக்கடைந்த எம்ஏஎஃப் பக்கமோ தேடவேண்டும்.

ஆனால் நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் எம்ஏஎஃப் கிடையாது, எம்ஏபி சென்சார்தான். அது அளக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துத்தான் என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. லீக்கில் வந்த காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால், அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் போய்விடும். பல சமயம் கோடு வராமல் ஐடிலிங் மட்டும் 750-லிருந்து 1200-க்கு ஏறி நிற்கும். ஸ்கேனரில் ஒன்றும் இல்லை என்று சொல்லி மெக்கானிக்குகளே ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று: த்ராட்டில் பாடியைத் துடைத்தாலோ, பேட்டரி வயரைக் கழற்றினாலோ, என்ஜின் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த ஐடிலிங் கணக்கு பொருந்தாமல் போகும். கரி போனபின் அதே திறப்பில் கூடுதல் காற்று போகிறதல்லவா? கம்பெனி மேனுவலில் சொல்லியபடி ஐடில் ரீலேர்ன் செய்துவிட்டு, அப்புறம் லீக்கைத் தேடுங்கள்.

தேடுவதைக் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும், அடிப்பக்கம் கிழிந்திருக்கும். எம்ஏஎஃப் வண்டிக்கு இந்தக் கிழிசல் போதும். த்ராட்டில் பாடிக்குப் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தால் அது அடுத்த சந்தேகம். வால்வு கவர் கழற்றியவர்கள் பிசிவி ஹோஸை மாட்ட மறந்திருப்பார்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக் சரியாக உட்காராவிட்டாலும் பல வண்டிகளில் இதே தொல்லைதான்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் காதை நம்புங்கள். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்தினால் 'உஸ்' சத்தம் ஓரிடத்தில் கூடும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தாலும் லீக் உள்ள இடத்தில் சத்தமோ ஆர்பிஎம்மோ சற்று மாறும். காயில், வயர் சாக்கெட் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் அது பற்றிக்கொள்ளும். வீட்டில் வேண்டாம். இதற்கும் அகப்படாத லீக்குக்கு ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கும் ஒர்க்‌ஷாப்பே மேல்.

வேக்யூம் கேஜ் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சமவெளியில் ஐடிலிங்கில் 17 முதல் 22 பாதரச அங்குலம் காட்டும். 1000 அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டியில் முள் கீழே நின்றால் பதற வேண்டாம்.

மேனிஃபோல்டைத் தொட்டிருந்தால் அதில் மாட்டியுள்ள பிரேக் பூஸ்டர் ஹோஸை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். என்ஜினை ஆஃப் செய்து, பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கவேண்டும். இறங்காமல் கல் மாதிரி நின்றால் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்; மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.