நான்கு அணுவுக்கு ஒரு மணி

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் சவ்வின் கனம் சுமார் 5 நானோமீட்டர். இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1925-இல் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். செல்களின் மேற்பரப்பைப்போல இரு மடங்கு இடத்தை அது அடைத்தது. சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அந்த இரண்டு அடுக்கும் ஓயாமல் அசைகின்றன. கொழுப்பு மூலக்கூறுகள் நெளிந்து இடம் மாறுகின்றன. புரதங்கள் அவற்றுக்கிடையே மிதக்கின்றன. இவ்வளவு நுண்ணிய, இவ்வளவு வேகமான அசைவை எந்த நுண்ணோக்கியாலும் அணு அணுவாகத் தொடர்ந்து படம்பிடிக்க முடியாது. அதனால் விஞ்ஞானிகள் கணினிக்குள் ஒரு சவ்வைக் கட்டி, நியூட்டனின் இயக்க விதிப்படி அதை நகர்த்திப் பார்க்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் அணுவையும் கணக்கில் எடுத்தால், கணினி ஒரு முறைக்கு இரண்டு ஃபெம்டோநொடிதான் முன்னே போக முடியும். ஒரு மைக்ரோநொடியைக் கடக்கவே 50 கோடி முறை கணக்கிட வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீவெர்ட்-யான் மாரிங்க். ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்க்காமல், ஏறக்குறைய நான்கு அணுவுக்குப் பதிலாக ஒரே உருண்டை, அதாவது ஒரு மணி என்று வைத்தார். நான்கு நீர் மூலக்கூறும் ஒரே மணி. 2004-இல் கொழுப்புகளுக்கான மாதிரி வந்தது. 2007-இல் அதற்கு ‘மார்ட்டினி’ என்று பெயர் சூட்டினார்கள். குரோனிங்கன் நகரின் அடையாளமான மார்ட்டினி கோபுரத்தின் பெயர் அது. புரதங்கள் அடுத்த ஆண்டே சேர்ந்துகொண்டன.

அணுக்களைவிட மணிகள் குறைவு என்பதால் கணக்கு குறைந்தது, ஒவ்வோர் அடியும் பத்து மடங்கு நீண்டது. 2014-இல் மாரிங்க் குழுவும் கனடாவின் கால்கரியைச் சேர்ந்த டீலெமன் குழுவும் 63 வகைக் கொழுப்புகளும் ஏறக்குறைய 20,000 மூலக்கூறுகளும் கொண்ட செல் சவ்வை 40 மைக்ரோநொடி ஓடவிட்டார்கள். வெளி அடுக்கில் சர்க்கரை கோத்த கொழுப்புகள் தாமாகவே சிறு கூட்டங்களாகச் சேர்ந்தன. சேரும்படி யாரும் கட்டளையிடவில்லை. சவ்வு என்பது ஒரே சீரான எண்ணெய்ப் படலம் என்று பள்ளியில் மனத்தில் பதிந்த படத்தை இதைப் படித்த அன்றே அழித்துவிட்டேன்.

இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. மார்ட்டினியின் முதல் நீர் சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே உறையப் பார்த்தது. அதைத் தடுக்கச் சற்றுப் பெரிய மணிகளைக் கலக்க வேண்டியிருந்தது. புரதத்தின் சுருளும் மடிப்பும் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு புரதம் எப்படி மடிகிறது என்று இதனிடம் கேட்கக் கூடாது. மடிந்த புரதம் சவ்வில் எந்தக் கொழுப்பை நாடுகிறது என்று கேட்கலாம். எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற இந்தத் தெளிவையே மாரிங்கின் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

திருத்தப்பட்ட மூன்றாம் பதிப்பு 2021-இல் வெளிவந்தது. மார்ட்டினியின் கோப்புகளும் அதை இயக்கும் குரோமாக்ஸ் மென்பொருளும் இலவசம். உயிரியலோ வேதியியலோ படிக்கும் மாணவர்கள் இன்றே இறக்கிக்கொண்டு, ஒரு சிறு சவ்வைக் கட்டிப் பாருங்கள்.